ஒன்றா, பதினொன்றா?

நான் வெல்டிங் வேலைக்குப் போன இரண்டாவது ஆண்டு. கடலோர நகரம் ஒன்றில் ஒரு பட்டறை. நாங்கள் ஆறு பேர் அங்கே வேலை செய்தோம். எங்களில் மூத்தவரை எல்லோரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இருபது ஆண்டு அனுபவம். கை நடுங்காது. அவர் போட்ட வெல்டு மீன் செதில் போல வரிசையாக இருக்கும். ஆனால் அவருக்கு அப்போது எழுத்துத் தெரியாது.

ஒரு நாள் மாலை. பன்னிரண்டு காதுகள் பற்றவைக்க வேண்டும். காது என்றால் என்ன? பெரிய இரும்புத் தொட்டியைக் கிரேனால் தூக்க வேண்டும் அல்லவா? கிரேன் கொக்கியை மாட்ட, ஓட்டை போட்ட தடித்த தகடு ஒன்றைத் தொட்டியின் மேல் பற்றவைப்போம். அதுதான் காது. தொட்டியின் எடை முழுவதும் அந்தக் காதின் வெல்டில்தான் தொங்கும்.

நான்கு காது முடிந்தது. கம்பிச் சுருள் தீர்ந்தது. அண்ணன் ஸ்டோருக்குப் போய்ப் புதுச் சுருள் கொண்டுவந்தார். அதே கம்பெனி. அதே நிறப் பெட்டி. அதே தடிப்பு. மெஷினில் மாட்டினார். ஐந்தாவது காதைத் தொடங்கினார்.

சத்தம் மாறிப்போயிற்று. படார் படார் என்று வெடித்தது. பொறி நாலா பக்கமும் தெறித்தது. கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தோம். வெல்டு முழுவதும் ஓட்டை. ஆப்பத்தில் கண் கண்ணாக இருக்குமே, அதைப் போல.

"கம்பியில ஈரம் ஏறியிருக்குமோ, அண்ணே?" என்று கேட்டேன்.

"தகட்டுல துரு இருக்கும். கிரைண்டர் போடு, தம்பி" என்றார்.

துருவை எடுத்தோம். மறுபடியும் ஓட்டை. கரண்டைக் கூட்டினோம். ஓட்டை. குறைத்தோம். அப்போதும் ஓட்டை. இரவு பத்து மணி ஆயிற்று. மூன்று காது பாழ்.

மேற்பார்வையாளர் வந்தார். "மேலாக்க கிரைண்டர் ஓட்டுங்க. பெயிண்ட் அடிச்சிட்டா ஒண்ணும் தெரியாது. காலையில லாரி வந்துடும்" என்றார்.

அண்ணன் முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "தொட்டியைத் தூக்கும்போது கீழே நிக்கிறவன் யாரு சார்?" என்று கேட்டார். மேற்பார்வையாளர் பதில் சொல்லவில்லை.

எங்களுடன் ஒரு ஹெல்பர் தம்பி இருந்தான். எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அவன் பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"அண்ணே, பழைய பெட்டியில பதினொண்ணுன்னு போட்டிருக்கு. இதுல ஒண்ணுதான் இருக்கு."

ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம். அந்தக் கோட்டுக்கு என்ன பொருள்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உருகிய இரும்புக்கு எதிரி

தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி சூடு வேண்டும். வெல்டிங் செய்யும்போது கம்பி நுனியில் ஒரு சுடர் எரிகிறது. மின்சாரத்தால் எரியும் சுடர் அது. அதற்கு ஆர்க் என்று பெயர். இரும்பை உருக்கும் சூட்டைவிட ஆர்க்கின் சூடு பல மடங்கு அதிகம். அந்தச் சூட்டில் கம்பியும் உருகும், தகட்டின் ஓரமும் உருகும். இரண்டும் ஒன்றாகக் கலந்து இறுகும். இதுதான் வெல்டு.

நம்மைச் சுற்றி எங்கும் காற்று இருக்கிறது. காற்றை 100 பங்காகப் பிரித்தால் 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு ஆக்சிஜன். மீதி ஒரு பங்கில் மற்ற வாயுக்கள். ஆக்சிஜன் நமக்கு உயிர் மூச்சு. உருகிய இரும்புக்கோ அதுவே பகை. நைட்ரஜனும் பகைதான்.

உருகிய இரும்பு இந்த வாயுக்களைக் குடித்துவிடும். இறுகும்போது அவற்றை வெளியே தள்ளப் பார்க்கும். தோசை மாவில் குமிழ் கிளம்புவது போலக் குமிழ்கள் கிளம்பும். வெளியே வர நேரம் கிடைக்காவிட்டால் குமிழ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த இடம் ஓட்டையாகிவிடும். ஓட்டை இல்லாமலும் கெடுதல் வரலாம். உள்ளே தங்கிய நைட்ரஜன் வெல்டை மொறுமொறுப்பாக்கும். இரும்பு வளைந்துகொடுக்க வேண்டும். மொறுமொறுப்பான வெல்டு வளையாது. சட்டென்று உடையும்.

ஆகவே உருகிய இரும்பு இறுகும்வரை காற்று அதைத் தொடக் கூடாது. அதற்குக் காவல் வேண்டும்.

கொழுக்கட்டைக்குள் பூரணம்

நம் ஊர்த் தெருமுனைப் பட்டறைகளில் ராடு வெல்டிங் பார்த்திருப்பீர்கள். குச்சி போன்ற ராடு. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். அந்தப் பூச்சுதான் காவல். அது எரிந்து புகையாகி, காற்றை ஒதுக்கித் தள்ளும். உருகிக் கசடாகி, வெல்டின் மேல் போர்வை போலப் படியும். ஆறிய பிறகு சுத்தியலால் தட்டினால் அந்தப் போர்வை உதிர்ந்துவிடும். பூச்சுள்ள ராடு 1900-களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டில் வந்தது. ஆஸ்கார் செல்பெர்க் என்பவர் அதை உருவாக்கினார்.

ராடில் ஒரு தொல்லை உண்டு. ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். எரிந்து முடிந்ததும் நிறுத்த வேண்டும். கட்டையை எறிந்துவிட்டு வேறு ராடு மாட்ட வேண்டும். கப்பல் கட்டும் இடத்தில் கிலோமீட்டர் கணக்கில் வெல்டு போட வேண்டும். அங்கே இது கட்டுப்படியாகாது. அதற்குத்தான் சுருள் கம்பி. மெஷின் கம்பியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். டார்ச்சின் பொத்தானை அழுத்தினால் கம்பி வரும். விட்டால் நிற்கும்.

சரி, ராடின் மேல் பூசுவது போலச் சுருள் கம்பியின் மேலும் பூச்சுப் பூசலாமே? முடியாது. சுருட்டும்போது பூச்சு உதிரும். கம்பிக்குக் கரண்ட் கொடுக்கவும் பூச்சு தடையாக இருக்கும். அதனால் பூச்சைக் கம்பிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். மெல்லிய இரும்பு நாடாவை வாய்க்கால் போல மடிப்பார்கள். அதில் மருந்துப் பொடியைக் கொட்டுவார்கள். வாயை மூடி, குழாயாக்கி, இழுத்து இழுத்து மெல்லியதாக்குவார்கள். கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பது போல. கடைசியில் அதன் தடிப்பு 1.2 மில்லிமீட்டர், 1.6 மில்லிமீட்டர் என்று வரும். இதற்குப் பிளக்ஸ் கோர் கம்பி என்று பெயர். பிளக்ஸ் என்றால் அந்த மருந்துப் பொடி. 1950-களில் இந்தக் கம்பிகள் தொழிற்சாலைகளுக்கு வந்தன.

சந்தேகம் இருந்தால் கட்டிங் பிளேயரால் கம்பியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பொடி தெரியும். உள்ளே கூடு இல்லாமல் கெட்டியாக இருந்தால் அது சாதாக் கம்பி. பிளக்ஸ் கோர் கம்பி குழாய் என்பதை மறக்க வேண்டாம். கம்பியைத் தள்ளும் உருளையை மிகவும் இறுக்கினால் குழாய் நசுங்கும். கம்பி சிக்கும்.

ஒரே பெட்டி, இரண்டு குணம்

இனி அந்த ஒரு கோட்டின் கதைக்கு வருவோம். பிளக்ஸ் கோர் கம்பியில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ளும். அதன் பொடி எரியும்போது புகை கிளம்பிக் காற்றை விலக்கும். அதையும் மீறிக் கொஞ்சம் காற்று உள்ளே வரத்தான் செய்யும். அதைப் பிடித்துக் கட்டிப்போட அலுமினியம் போன்ற பொருள்களைப் பொடியில் சேர்த்திருப்பார்கள். இதற்குக் கேஸ் சிலிண்டர் வேண்டாம். வெட்டவெளியில், உயரமான சாரத்தில், சிலிண்டரைத் தூக்கிப் போக முடியாத இடத்தில் இது கைகொடுக்கும். எங்கள் பட்டறையில் அன்று வரை ஓடியது இந்த வகைதான்.

இரண்டாவது வகைக்குக் கேஸ் கட்டாயம் வேண்டும். டார்ச்சின் மூக்கில் கம்பியைச் சுற்றிக் கேஸ் வரும். அது குடை போல விரிந்து, உருகிய இரும்பை மூடிக்கொள்ளும். காற்றைத் தடுக்கும் வேலையைப் பெரும்பாலும் கேஸே செய்கிறது. அன்று அண்ணன் கொண்டுவந்தது இந்த வகை. எங்களிடமோ கேஸ் இல்லை. காவல்காரன் இல்லாத வீடு. ஓட்டை விழாமல் என்ன செய்யும்?

"கேஸ்தான் காவல் காக்கிறதே, பிறகு பொடி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். செங்குத்தாக நிற்கும் தகட்டில் வெல்டு போடும்போது உருகிய இரும்பு கீழே வழியப் பார்க்கும். பொடியிலிருந்து வந்த கசடு முந்திக்கொண்டு இறுகும். உருகிய இரும்பை அது கை கொடுத்துத் தாங்கும். பொடி இரும்பைச் சுத்தமும் செய்யும். வேண்டிய பலத்தையும் சேர்க்கும். கேஸும் பொடியும் சேர்ந்தால் ஆர்க் சீராக எரியும். வேலையும் வேகமாக நடக்கும். அதனால்தான் கப்பல் கட்டும் தளங்களில் இந்தக் கம்பிக்கு மதிப்பு அதிகம். கொச்சி, விசாகப்பட்டினம், மும்பை என்று நம் நாட்டின் கடற்கரையில் பெரிய கப்பல் தளங்கள் உள்ளன. கப்பலின் உடம்பு முழுவதும் தகட்டோடு தகடு சேர்த்த வெல்டுதான்.

கேஸ் வேண்டிய கம்பியைக் கேஸ் இல்லாமல் ஓட்டினால் ஓட்டை. அது கண்ணுக்குத் தெரிகிறது. இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு. என் கணக்கில் அதுதான் அதிக ஆபத்து. கேஸ் வேண்டாத கம்பிக்குக் கேஸ் கொடுப்பது. "கேஸ் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே" என்று பலர் நினைக்கிறார்கள். நல்லது இல்லை.

ஏன்? பத்துப் பேருக்கு உலை வைக்கிறீர்கள். விருந்தாளி யாரும் வரவில்லை. சோறு மிஞ்சிப்போகும். அதுபோல, உள்ளே வரும் காற்றைப் பிடிக்கத்தான் கம்பிக்குள் அலுமினியம் வைத்தார்கள். கேஸ் காற்றைத் தடுத்துவிட்டால் அலுமினியத்துக்கு வேலை இல்லை. அது வெல்டுக்குள்ளேயே மிஞ்சித் தங்கிவிடும். வெல்டின் குணம் மாறும். வளைந்துகொடுக்கும் தன்மை குறையும். மேலே பார்த்தால் வெல்டு பளபளவென்று அழகாகத் தெரியும். பாரம் ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மெஷினில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு முனைகள் இருக்கும். கேஸ் வேண்டிய 'ஒன்று' கம்பிக்கு டார்ச்சைப் பிளஸ்ஸில் மாட்ட வேண்டும். கேஸ் வேண்டாத 'பதினொன்று' கம்பிக்கு டார்ச்சை மைனஸில் மாட்ட வேண்டும். எங்கள் டார்ச் அன்று மைனஸில் இருந்தது. படார் படார் என்று வெடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டியைப் படிப்போம்

பெட்டியிலும் சுருளிலும் ஒட்டியிருக்கும் சீட்டில் நிறைய எழுதியிருக்கும். எல்லாம் ஆங்கிலம். பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அது இப்படி இருக்கும்:

இ 71 டி – 1 சி

முதல் எழுத்து 'இ'. மூன்று பல் உள்ள சீப்பு போல இருக்கும். கரண்ட் பாயும் கம்பி என்று அதற்குப் பொருள்.

அடுத்தது 7. இது வெல்டின் பலம். அமெரிக்கக் கணக்கு. நம் கணக்கில் சொன்னால், ஒரு மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலம் உள்ள வெல்டு ஏறக்குறைய 50 கிலோவைத் தாங்கும். ஒரு மூட்டை சிமெண்டின் எடை அது! சில பெட்டிகளில் 71 என்பதற்குப் பதில் 491 என்று இருக்கும். பலம் அதேதான். அளவுமுறைதான் வேறு.

7-க்கு அடுத்த 1, எந்த நிலையிலும் வெல்டு போடலாம் என்று சொல்கிறது. படுக்கையாக, செங்குத்தாக, தலைக்கு மேலே, எப்படியும் போடலாம். அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால் செங்குத்தாகவோ தலைக்கு மேலேயோ போட முடியாது. வழிந்துவிடும்.

பிறகு 'டி'. ஒரு கம்பத்தின் மேல் கட்டை வைத்தது போல இருக்கும் எழுத்து. கம்பி உள்ளே கூடானது, குழாய் போன்றது என்று பொருள்.

இப்போது கவனியுங்கள். சிறு கோட்டுக்குப் பிறகு வரும் எண்தான் முக்கியம். 1 இருந்தால் கேஸ் வேண்டும். 9, 12 இருந்தாலும் கேஸ் வேண்டும். 8 இருந்தால் கேஸ் வேண்டாம். 11 இருந்தாலும் வேண்டாம்.

கடைசி எழுத்து எந்தக் கேஸ் என்பதைச் சொல்லும். 'சி' என்பது பிறை நிலா போல வளைந்த எழுத்து. அது இருந்தால் தனிக் கார்பன் டை ஆக்சைடு. 'எம்' என்பது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மலை போன்ற எழுத்து. அது இருந்தால் கலவை கேஸ். இரண்டும் போட்டிருந்தால் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

இந்த வரிக்குப் பிறகும் சில எழுத்துகள் வரலாம். அவற்றை இப்போது விட்டுவிடுவோம்.

எந்தக் கேஸ், எவ்வளவு கேஸ்?

கார்பன் டை ஆக்சைடை நம் ஆட்கள் 'சிஓடூ' என்பார்கள். சோடாவில் குமிழ் விடுவது இதுதான். நாம் வெளியே விடும் மூச்சிலும் இது இருக்கிறது. விலை குறைவு. வெல்டு தகட்டுக்குள் ஆழமாக இறங்கும். ஆனால் பொறி கொஞ்சம் அதிகம் தெறிக்கும்.

ஆர்கான் என்று இன்னொரு வாயு. அது யாரோடும் சேராது, எதையும் மாற்றாது. அதோடு கார்பன் டை ஆக்சைடைக் கலந்து விற்கிறார்கள். 100 பங்கில் 75 அல்லது 80 பங்கு ஆர்கான், மீதி கார்பன் டை ஆக்சைடு. இந்தக் கலவையில் ஆர்க் மென்மையாக எரியும். பொறியும் குறைவு. விலைதான் கூட. தடித்த தகட்டு வேலைக்குத் தனிக் கார்பன் டை ஆக்சைடே போதும் என்பது என் கருத்து.

டார்ச்சுக்கு எவ்வளவு கேஸ் விட வேண்டும்? ஒரு நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் வரை பெரும்பாலும் சரியாக இருக்கும். கம்பிக் கம்பெனி வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி விட வேண்டும். குறைந்தால் குடை கிழிந்துவிடும். கூட்டினால்? அதுவும் தப்பு. குழாயை முழுவதும் திறந்துவிட்டால் தண்ணீர் சுழன்று தெறிக்கிறது அல்லவா? கேஸும் அப்படித்தான். வேகமாக வந்தால் சுழலும். சுழலும்போது பக்கத்துக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். கேஸும் செலவு, வெல்டும் ஓட்டை. டார்ச்சின் மூக்கில் பொறி ஒட்டி அடைத்தாலும் கேஸ் ஒழுங்காக வராது. அடிக்கடி சுரண்டி எடுங்கள். மூக்கைத் தகட்டிலிருந்து தூரமாகப் பிடித்தாலும் குடை எட்டாது.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். திரவம் இருக்கும்வரை மீட்டர் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். வெயிலுக்கு ஏற்பக் கொஞ்சம் ஏறும், இறங்கும். அவ்வளவுதான். முள் சரசரவென்று இறங்கினால் சிலிண்டர் தீரப் போகிறது என்று பொருள். எவ்வளவு மிச்சம் என்று அறிய எடை போட வேண்டும். காலிச் சிலிண்டரின் எடை அதன் தோளில் வெட்டி எழுதப்பட்டிருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு கிலோ திரவம் ஏறக்குறைய 500 லிட்டர் கேஸ் தரும். சிலிண்டரில் 30 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 × 500 = 15,000 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் செலவு. 15,000 ÷ 15 = 1,000 நிமிடம். அதாவது 16 மணி 40 நிமிடம். இது ஆர்க் எரியும் நேரம் மட்டும். தகடு பொருத்தும் நேரம், கசடு தட்டும் நேரம் சேராது. ஆகவே ஒரு ஆளுக்குச் சில நாள் வரும். அதற்கு முன்பே தீர்ந்தால் எங்கோ கசிகிறது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கசியும் இடத்தில் குமிழ் வரும்.

திரவம் கேஸாக மாறும்போது மிகவும் குளிரும். ரெகுலேட்டரில் பனி பிடித்து அடைத்துவிடும். அதற்காக மின்சாரச் சூடேற்றி ஒன்றை மாட்டுவார்கள். அதை ஓட விட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். பனியை எடுக்க நெருப்பைக் காட்ட வேண்டாம். சிலிண்டரை நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் கட்டுங்கள். படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் வந்துவிடும்.

மின்விசிறிச் சண்டை

கேஸ் குடை மிக மெல்லியது. மரத்தில் இலை சலசலக்கும் அளவு காற்று அடித்தாலே அது கலைந்துவிடும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகக் காற்று போதும். திறந்த வெளியில் வேலை என்றால் தார்ப்பாய் கட்டி மறையுங்கள். கட்ட முடியாவிட்டால் கேஸ் வேண்டாத கம்பியைக் கேளுங்கள்.

பட்டறைக்குள் சண்டை மின்விசிறியால் வரும். வெயில் காலம். தகரக் கூரை. தோல் உடுப்பு. வெல்டர் விசிறியைத் தன் பக்கம் திருப்புவார். வெல்டில் ஓட்டை விழும். மேஸ்திரி வந்து விசிறியை நிறுத்துவார். அப்போது புகை முழுவதும் வெல்டரின் மூக்குக்குள் போகும். இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நுரையீரல் வெல்டருடையது.

கேஸ் காவல் இரும்புக்குத்தான். உங்களுக்கு அல்ல. பிளக்ஸ் கோர் கம்பி சாதாக் கம்பியைவிட அதிகமாகப் புகையும். அந்தப் புகையில் இரும்புத் தூளும் மாங்கனீசும் இருக்கின்றன. வெல்டிங் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் முடிவு செய்தது. துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரலாம். பூச்சைச் சுரண்டி எடுத்த பிறகே பற்றவையுங்கள்.

வழி இருக்கிறது. காற்றை ஊதக் கூடாது. புகையை இழுக்க வேண்டும். உறிஞ்சும் விசிறியின் குழாயை வெல்டுக்கு அருகே பக்கவாட்டில் வைத்தால் புகை அந்தப் பக்கம் போகும். குடை கலையாத தூரத்தில் வைக்க வேண்டும். அது இல்லாத பட்டறையில் இதையாவது செய்யுங்கள். புகை நேராக மேலே எழும். குனிந்து தலையை அதன் நடுவில் கொடுக்காதீர்கள். ஓரமாக நின்று பாருங்கள். மூக்கில் கைக்குட்டை கட்டினால் இந்தப் புகை நிற்காது. அவ்வளவு நுண்ணிய தூள் அது. புகைத்தூளைத் தடுக்கும் முகக்கவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

தொட்டிக்குள் இறங்கும் முன்

இதை இரண்டு முறை படியுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. ஆர்கானும் காற்றைவிடக் கனமானது. இரண்டும் தண்ணீர் போலப் பள்ளத்தில் போய்த் தேங்கும். கிணறு போன்ற தொட்டி, கப்பலின் அடி அறை, குழி, பெரிய குழாய், இவற்றில் நிறையும். நிறைந்தால் மூச்சுவிடக் காற்று இருக்காது. ஆர்கானுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. மயங்கி விழும்வரை ஒன்றும் தெரியாது. கார்பன் டை ஆக்சைடு ஆர்க் சூட்டில் உடைந்து, கொஞ்சம் கார்பன் மோனாக்சைடும் ஆகும். அது விஷ வாயு.

மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது டார்ச்சைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வால்வு கொஞ்சம் கசிந்தால் போதும். ஒரு மணி நேரத்தில் தொட்டியின் அடி நிறைந்திருக்கும். திரும்பி வந்து இறங்குகிறவர் ஏற மாட்டார். ஆகவே வெளியே வரும்போது டார்ச்சையும் வெளியே கொண்டுவாருங்கள். சிலிண்டரையும் மூடுங்கள். சிலிண்டர் எப்போதும் தொட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே ஒருவர் காவல் இருக்க வேண்டும். இடுப்பில் பெல்ட்டும் கயிறும் வேண்டும். கயிற்றின் மறுமுனை வெளியே இருக்க வேண்டும். இறங்கும் முன் உள்ளே உள்ள காற்றைக் கருவியால் சோதித்து, தகுதியுள்ள ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இது புதிய பேச்சு அல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவிலேயே இத்தகைய விதிகள் எழுதப்பட்டன. எழுதிக் கொடுத்த தாளைக் கேளுங்கள். வாங்கிப் படியுங்கள். இன்றைய தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற உடனே குதிக்காதீர்கள். குதித்தவரும் விழுவார். மூன்றாவது ஆளும் விழுவார். கயிற்றை இழுங்கள். ஆட்களைக் கூப்பிடுங்கள். மூச்சுக் கருவி மாட்டியவர்தான் இறங்க வேண்டும். புழுக்கமாக இருக்கிறது என்று தொட்டிக்குள் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடவும் கூடாது. ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும். உடுத்திய துணி குப்பென்று பற்றிக்கொள்ளும்.

அந்த மூன்று காதுகள்

அன்று இரவு எங்களிடம் கேஸ் சிலிண்டர் இல்லை. 'பதினொன்று' சுருளும் ஸ்டோரில் தீர்ந்துவிட்டது. அண்ணன் மெஷினை நிறுத்தினார். காலையில் வந்த லாரி காலியாகத் திரும்பியது. மூன்று காதுகளின் வெல்டையும் அடிவரை கிரைண்டரால் அரைத்து எடுத்தோம். அதற்கே அரை நாள் போயிற்று. மேலே இருந்த ஓட்டைகளைவிட உள்ளே இருந்தவை அதிகம். சில ஓட்டைகளில் தீக்குச்சி நுழைந்தது. மேற்பார்வையாளரும் குனிந்து பார்த்தார். பெயிண்டைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. ஆனால் அந்த நாள் கூலியை எங்களுக்குக் கொடுக்கவும் இல்லை.

மதியம் சிலிண்டர் வந்தது. டார்ச்சைப் பிளஸ்ஸுக்கு மாற்றினோம். அதே புதுச் சுருள். நிமிடத்துக்கு 18 லிட்டர் கேஸ். சத்தம் சீராக வந்தது. கசடு தானாகப் புரண்டு எழுந்தது. அடியில் வெல்டு மீன் செதிலாக இருந்தது.

அந்த வாரமே அண்ணன் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தார். தன் பெயரை எழுதக் கற்கும் முன்பே 'டி', 'சி', 'எம்' மூன்றையும் டீச்சரிடம் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டு பெட்டிகளின் சீட்டுகளையும் வெட்டி, மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினார். ஒன்றின் கீழ் சிலிண்டர் படம் வரைந்தார். மற்றதன் கீழ் சிலிண்டரை வரைந்து குறுக்கே கோடு போட்டார். ஸ்டோரிலிருந்து எந்தச் சுருள் வந்தாலும் அந்தச் சுவரின் பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் மாட்டுவோம்.